மூடியில் ஒட்டிய பச்சை

பிப்ரவரி 11 — மடிக்கணினிக்குப் புது பேட்டரி — 1,850
மார்ச் 1 — புரோகிராம் புத்தகம், பழைய புத்தகக் கடையில் — 420
மார்ச் 22 — பஸ், போகவர — 36
மார்ச் 22 — பல் வைத்தியம் — 0
ஏப்ரல் 2 — மூன்றாம் ஜன்னலின் மடிக்கணினி, பழுது பார்க்க — 900

இந்தக் கணக்கில் நடுவிலுள்ள இரண்டு வரிகள் யாருக்கும் விளங்காது. பஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர், ஆயுசுக்கும் இலவசமாகப் போக பாஸ் வைத்திருப்பவர், எதற்காக டிக்கெட் எடுத்தார்? பிடுங்காத பல்லுக்கு எதற்காக ஒரு வரி? இரண்டும் ஒரே சனிக்கிழமையில் நடந்தவை. இரண்டுக்கும் காரணம் வெட்கம்.

அவரைக் கம்பெனியில் எல்லோரும் 'கம்ப்யூட்டர் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது அவர் சார் இல்லை, பில் எழுதும் குமாஸ்தா. வயது இருபத்துநான்கு. அந்த வருஷம் கம்பெனி முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியது. மரப்பெட்டியில் வந்து இறங்கிய அதைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று அப்போதிருந்த மேனேஜருக்குப் பயம். போர்வையைப் போர்த்தி ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டார். அதோடு வந்த தடித்த புத்தகம் மட்டும் அனாதையாக மேஜைமேல் கிடந்தது. குமாஸ்தா அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தார். படித்ததைச் செய்து பார்க்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் போர்வையை விலக்கினார். ஷாக் அடிக்கவில்லை.

எந்த டிரைவர், எந்த பஸ், எந்த வழித்தடம், யாருக்கு விடுப்பு என்ற டூட்டிப் பட்டியலை அதுவரை இரண்டு பேர் பெரிய தாளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் அந்தத் தாளைச் சுற்றி ஒரு சண்டை நிச்சயம் உண்டு. குமாஸ்தா எழுதிய புரோகிராம் வந்த பிறகு சண்டை நின்றது. மெஷின் யாருக்கும் மச்சானும் இல்லை, மாமனும் இல்லை என்று டிரைவர்கள் ஒப்புக்கொண்டார்கள். மெஷினுக்குக் குளிர்ச்சி வேண்டுமென்று ஏ.சி. போட்ட தனி அறை கிடைத்தது. அறையோடு 'சார்' என்ற சொல்லும் வந்து ஒட்டிக்கொண்டது. வெயில் காலத்தில் டிரைவர்கள், "சார், என் டூட்டி சரியா விழுந்திருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்று சாக்குச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்து, வியர்வை காயும்வரை நிற்பார்கள். அவர் பார்ப்பதுபோல் பார்ப்பார். அவர்கள் நிற்பது எதற்கென்று அவருக்கும் தெரியும்.

அந்தப் பெயரை வைத்துத்தான் கல்யாணமும் நடந்தது. "மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல பெரிய ஆள்" என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். போன் கடை வைத்திருக்கும் மனைவியின் தம்பி மட்டும் வரும்போதெல்லாம் சீண்டுவான்.

"அத்தான், உங்க கறுப்புத் திரைக்கு இன்னும் பென்ஷன் கொடுக்கலையா?"

"அடிப்படை எல்லாம் ஒண்ணுதான்டா. மேல பூசற பெயிண்ட்தான் மாறுது" என்பார் அவர்.

அதை முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை என்னவென்றால், அந்த முதல் புத்தகத்துக்குப் பிறகு அவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, அவரும் ஓடிக்கொண்டிருந்தார். வெளியே உலகம் எத்தனையோ கம்ப்யூட்டர் லாங்குவேஜ்களை எடுத்துப் போட்டுக் கழற்றி எறிந்துவிட்டது. அவர் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து இன்றும் அதே இடத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

இனி மூன்றாம் ஜன்னல். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் நான்கு ஜன்னல்களில் மூன்றாவதில் உட்காரும் பெண்ணுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் அது. வயது முப்பதைத் தாண்டியிருக்கும். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். அந்த ஜன்னலின் மைக் உடைந்து ரொம்ப நாளாயிற்று. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டிப்போய், இப்போது பேசினாலே மரம் அறுப்பதுபோல் இருக்கும். பேச்சைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னாராம். "பேசாம டிக்கெட் கொடுக்கிற வேலை எங்க இருக்குன்னு அவரையே கேட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் ஏ.சி. அறைக்கு வந்தாள். டூட்டி பார்க்க வரவில்லை.

"சார், எனக்கும் இதைக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன். சாயங்காலம் ஒரு அரைமணி."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "இது டிக்கெட் கிழிக்கிற மாதிரி இல்லம்மா."

அவள் சிரித்துவிட்டுப் போனாள். அன்று வீட்டுக்குப் போய் அதை மனைவியிடமும் சொல்லிச் சிரித்தார். அப்புறம் அவருக்கு அது மறந்தே போயிற்று.

பிப்ரவரி முதல் வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. எல்லாக் கிளைகளிலும் பழைய புரோகிராம்களை மாற்றிப் புது லாங்குவேஜ் ஒன்றில் எழுதப் போகிறார்கள். கிளைக்கு ஒருவருக்குச் சம்பளத்தோடு மூன்று மாதப் பயிற்சி. திரும்பி வந்ததும் அந்தக் கிளையின் கம்ப்யூட்டர் வேலை அவர் கையில். நகரத்தில் மென்பொருள் எழுதுகிறவர்கள் கூடிச் சங்கம்போல ஒன்று நடத்துகிறார்கள். அவர்கள் யாருக்கு வேண்டுமானாலும் அந்தப் புது லாங்குவேஜை மெஷினில் இறக்கிக் கொடுக்கிறார்கள், காசு வாங்குவதில்லை. மார்ச் 22 அன்று அங்கே போய்ச் சொந்த மெஷினில் அதை ஓடவைத்து, 'முடித்தவர்' என்று அவர்கள் பட்டியலில் பெயர் வர வேண்டும். முடித்தவர்களிலிருந்து தலைமை அலுவலகம் ஒருவரைப் பொறுக்கும். யார் வேண்டுமானாலும் போகலாம்.

"உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி சார்" என்றார் மேனேஜர்.

"ஆமா, பார்த்துக்கலாம்" என்றார் கம்ப்யூட்டர் சார். பயிற்சி கிடைக்காவிட்டால் வேலை போகாது. ஆனால் வேறு ஒருவர் திரும்பி வந்து அந்த அறையில் உட்காருவார். இவர் பழையபடி பில் எழுதப் போக வேண்டும். ஐம்பத்துநாலு வயதில், யாரும் 'சார்' போடாத மேஜைக்கு.

புத்தகம் வாங்கினார். மூன்று வாரம் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். ஒரு பக்கம் புரிந்தால் அடுத்த பக்கம் அதைத் தட்டிவிட்டது. மைத்துனனைக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவான் என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை மனைவி கேட்டாள். "எங்க கிளம்பிட்டீங்க, கம்ப்யூட்டரையும் தூக்கிக்கிட்டு?"

"பல்லு வலிக்குது. டாக்டர்கிட்ட கூட்டமா இருக்கும். உட்கார்ந்து வேலை பார்க்கலாம்னுதான்."

சொந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் எங்கே என்று கேட்பான், மறுநாள் டெப்போ முழுக்கத் தெரியும். எனவே போட்டிக் கம்பெனி பஸ்ஸில் கடைசி சீட்டில், டிக்கெட் எடுத்துக்கொண்டு போனார்.

டயர் கடைக்கு மேலே நான்காவது மாடியில் ஒரு ஹால். நீள நீள மேஜைகள், தரையெல்லாம் பாம்புக் குட்டிகள்போல ஒயர்கள், ஒவ்வொரு மேஜையிலும் மடிக்கணினிகள் திறந்து கிடந்தன. வாசலில் இருந்தவன், "முதல் தடவையா சார்? இல்ல, உதவி பண்ண வந்திருக்கீங்களா?" என்று கேட்டான்.

"சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

அவன் பெயரையும் கம்பெனியையும் எழுதிக்கொண்டு இரண்டு ஒட்டுத்தாள்களைக் கொடுத்தான். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. அதெதற்கு என்பதை ஒரு பெண்மணி மேஜைமேல் தட்டிச் சொன்னார். பகலில் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர், ஆகிருதியான உடம்பு. எல்லோருக்கும் அவர் 'அக்கா'.

"முடிஞ்சவங்க மெஷின் மூடியில பச்சையை ஒட்டுங்க. மாட்டிக்கிட்டவங்க சிவப்பை ஒட்டுங்க, கையைத் தூக்க வேண்டாம், நாங்களே வருவோம். சிவப்பு ஒட்டறதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. எங்க ஆஸ்பத்திரியில எனக்குச் சம்பளமே சிவப்பாலதான். பச்சைக்காரங்க மட்டும் கால் மேல கால் போடாம, பக்கத்துல இருக்கிற சிவப்பைக் கவனிங்க. நாங்க யார் மெஷினையும் சோதிக்க மாட்டோம். சாயங்காலம் மூடியில என்ன நிறமோ அதுதான் பட்டியல்ல. இதுல போய் யார் ஏமாத்தப் போறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் ஓரமாக ஒரு நாற்காலி பிடித்தார். சொன்னபடி இறக்கினார், சொன்னபடி ஓடவிட்டார். ஒரு பட்டை மெல்ல நிரம்பிக்கொண்டு வந்து, பாதியில் நின்று, இரண்டு வரி காட்டியது. உங்கள் மெஷினை இயக்கும் அமைப்பு மிகப் பழையது. இந்த மென்பொருள் இதில் இறங்காது. மறுபடி ஓடவிட்டார். மறுபடி அதே இரண்டு வரி. புது பேட்டரி போட்டு என்ன பயன், உள்ளே இருப்பது பழசு.

சிவப்பை எடுத்துப் பின்தாளை உரித்தார். நாலா பக்கமும் பார்த்தார். எதிர் மேஜையில் ஐந்தாறு சிவப்புகள். பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் ஆட்கள் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அவர் காதில் மட்டும் ஒரு குரல் கேட்டது: "அண்ணா, இது ரொம்பப் பழைய மெஷின் ஆச்சே, இதை வச்சுக்கிட்டா இத்தனை நாள் ஓட்டினீங்க?" ஹால் முழுக்கத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது.

சிவப்பைக் கசக்கிப் பைக்குள் போட்டார். பச்சையை எடுத்து மூடியில் ஒட்டினார். திரையில் அந்த இரண்டு வரி தெரியக்கூடாதென்று தன்னுடைய பழைய டூட்டி புரோகிராமைத் திறந்துவைத்தார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் வரிசையாக ஓடின. அந்தப் பக்கம் போன ஒருவன் நின்று, "கறுப்புத் திரையிலேயே வேலை பார்க்கறீங்களா அண்ணா! பெரிய ஆள்தான்" என்று வாய் பிளந்துவிட்டுப் போனான்.

கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நழுவிவிடலாம் என்று எண்ணியிருந்தார். அப்போதுதான் பின்னாலிருந்து மரம் அறுக்கும் குரல் கேட்டது.

"சார்! நீங்களா? அப்பாடா!"

மூன்றாம் ஜன்னல். காலை ஷிப்டை முடித்துக்கொண்டு யூனிபாரத்தோடேயே ஓடி வந்திருந்தாள். கையில் ஒரு பழைய மடிக்கணினி. யாரோ விற்றதை வாங்கியிருந்தாள். காசில்லாமல் கிடைக்கும் ஏதோ ஒரு அமைப்பைப் போட்டுக் கொடுத்திருந்தான் விற்றவன். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு மூடியில் சிவப்பை ஒட்டினாள். கூசவே இல்லை.

"அதுக்குள்ள பச்சையே ஒட்டிட்டீங்களா! சொல்லுங்க சார், அப்படியே செய்யறேன். நேரம் வேற ஆயிடுச்சு."

அக்காவைக் கூப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பச்சை ஒட்டியவர் எப்படிச் சொல்வார்?

"காட்டு, பார்க்கலாம்" என்றார்.

அவள் மெஷினில் அதே லாங்குவேஜின் பழைய பதிப்பு ஏற்கெனவே இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது. இது அவருக்குத் தெரிந்த இடம். அவர் காலத்தில் மெஷினுக்குள் இடமே கிடையாது. புதிதாக எதையாவது போடவேண்டுமென்றால் பழையதைத் துடைத்து எடுத்தாக வேண்டும். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் மீறாத விதி அது.

"பழசை முதல்ல எடுத்துடணும். ரெண்டும் ஒரே மெஷின்ல இருந்தா அடிச்சுக்கும்."

"மாமியார் மருமக மாதிரியா சார்?"

"அதேதான்."

அவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவள் அடித்தாள். இதையெல்லாம் நீக்கப் போகிறேன், சரிதானா என்று கேட்டு, மெஷின் ஒரு பட்டியலைக் காட்டியது. பட்டியல் திரை கொள்ளாமல் ஓடிற்று.

"சார், என்னென்னவோ பேரெல்லாம் வருதே?"

அவருக்கும் அந்தப் பெயர்கள் புதிது. "அது அப்படித்தான் வரும். ஆமான்னு கொடு" என்றார்.

கொடுத்தாள். வரிகள் மளமளவென்று ஓடின. கீழே இருந்த சின்னச் சின்னப் படங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. திரையின் பின்னணியில் அவள் வைத்திருந்த மகளின் போட்டோ போயிற்று. அம்புக்குறி போயிற்று. கடைசியில் கறுப்புத் திரையும் மூலையில் ஒரு வெள்ளைக் கோடும் மட்டும் மிஞ்சின.

"சார்?"

அவர் எட்டி ஒரு விசையைத் தட்டினார்; கோடு அசையவில்லை.

"சார், இது இப்படித்தான் இருக்குமா?"

அக்கா சிவப்பைப் பார்த்து வந்துவிட்டார். இரண்டு விசை தட்டிப் பார்த்தவர், தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயோ, இதைப் போய் எடுத்தீங்களா? அது சும்மா மூலையில கிடக்கிற பழசு இல்லம்மா. இந்த மெஷினே அது மேலதான் நிக்குது. பழசு பாட்டுக்கு இருக்கும், புதுசை அதுக்குப் பக்கத்துல வைக்கணும். இப்ப தூணை உருவிட்டு வீட்டைத் தேடற மாதிரி ஆயிடுச்சு. யார் எடுக்கச் சொன்னது?"

மூன்றாம் ஜன்னல் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தன் மூடியில் ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லலக்கா. சார் சரியாத்தான் சொல்லியிருப்பார். நான்தான் அவசரத்துல எதையோ மாத்தி அடிச்சிட்டேன்."

"பச்சை அண்ணா பக்கத்துலயே இருந்தும் இப்படியா?" என்று அக்கா சிரித்தார். கேலியில்லாத சிரிப்புத்தான். பக்கத்து மேஜைக்காரர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவரும் சிரித்தார். பின்னால் யோசிக்கும்போதெல்லாம், பொய்யாகப் பச்சை ஒட்டியதைவிட, தப்பாகச் சொல்லிக் கொடுத்ததைவிட, அந்தச் சிரிப்புத்தான் அவர் நெஞ்சில் முள்ளாக நின்றது.

உள்ளே இருக்கும் போட்டோக்கள் எங்கும் போகாது, ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும், இன்று ஹாலைக் காலி செய்ய வேண்டும் என்று அக்கா சொன்னார். பட்டியலோடு வந்தவன் மூடிகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனான். அவருக்கு: முடித்தார். அவளுக்கு: முடிக்கவில்லை.

படி இறங்கும்போது அவளே ஆறுதல் சொன்னாள். "பரவாயில்ல சார். நம்ம கிளையிலிருந்து ஒருத்தராவது பச்சை வாங்கினோமே."

வீட்டில் மனைவி சோற்றைக் குழைய வேகவைத்து, பாலில் பிசைந்து வைத்திருந்தாள்.

"பிடுங்கிட்டாங்களா?"

"ம்."

"வலிக்குதா?"

"ம்" என்றார். அது பொய்யில்லை. குழைந்த சோற்றை ஒரு பக்கமாகவே மென்று விழுங்கினார்.

திங்கட்கிழமை அவர் போவதற்கு முன்பே செய்தி டெப்போவுக்குப் போயிருந்தது. மூன்றாம் ஜன்னல்தான் பெருமையாகப் பரப்பியிருந்தாள். "எல்லாரும் முழிச்சிட்டிருக்கோம், சார் அதுக்குள்ள பச்சை ஒட்டிட்டு உட்கார்ந்திருக்கார்!" டிரைவர்கள் பெயரையே மாற்றிவிட்டார்கள். "பச்சை சார் வர்றார், வழி விடுங்கப்பா!" ஒவ்வொரு தடவையும் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பயிற்சிக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மே ஐந்தாம் தேதி, மென்பொருள் ஓடும் சொந்த மெஷினோடு வர வேண்டும். மேனேஜர் எல்லோரையும் கூட்டி உரக்கப் படித்தார். மூன்றாம் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கைதட்டினாள். சத்தம் வெளியே வரவில்லை, கைகள் அசைவது மட்டும் தெரிந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஆ காட்டுங்க."

"எதுக்கு?"

"ஆ காட்டுங்கன்னா காட்டுங்க." பார்த்தாள். "எல்லாப் பல்லும் இருக்கே. ஒரு வாரமா நான் யாருக்குக் குழைய வடிச்சுப் போட்டேன்?"

அவர் சொல்லிவிட்டார். பஸ் டிக்கெட்டிலிருந்து சிரித்தது வரை. முடிந்ததும் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"டிக்கெட் கிழிக்கிற மாதிரி இல்லன்னு சொன்னீங்களே, அது இந்தப் பொண்ணுகிட்டதானா?"

அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அன்னிக்கு எவ்வளவு பெருமையா வந்து சொன்னீங்க. நானும் பல்லைக் காட்டிக்கிட்டுக் கேட்டேன், என்னைச் சொல்லணும்" என்று எழுந்துகொண்டாள். "முதல்ல அவ மெஷினைச் சரிபண்ணிக் கொடுங்க. அப்புறம் போய் வாயைத் திறந்து சொல்லுங்க."

முதலாவது சுலபமாக முடிந்தது. மெஷினை வாங்கிப்போய் ஒரு கடையில் கொடுத்து, தொள்ளாயிரம் கட்டி, பழையபடி ஆக்கிக் கொடுத்தார். அவள் காசு நீட்டினாள், வேண்டாம் என்றார். "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு சார்" என்றாள். முதுகில் சாட்டையால் அடித்தது போலிருந்தது.

இரண்டாவதுதான் நடக்கவில்லை. அறைக்குக் கூப்பிட்டுச் சொல்ல நினைத்தார். அந்த அறையில், அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் மதியம் எழுந்து போய் மூன்றாம் ஜன்னலின் வரிசையில், பயணிகளோடு பயணியாக நின்றார். முறை வந்தது. கண்ணாடி ஓட்டையில் குனிந்து மெல்லச் சொன்னார்.

"அன்னிக்கு நீ தப்பா எதுவும் அடிக்கலம்மா."

"என்ன சார்? கேட்கல!" அவள் காதைக் கண்ணாடியோடு வைத்தாள். மைக் உடைந்த ஜன்னல். பஸ்களின் ஹாரன் வேறு.

"அன்னிக்கு... மெஷின்ல... நான் சொன்னதுதான் தப்பு!"

"சத்தமா சொல்லுங்க சார்!"

பின்னாலிருந்து ஒருவர், "அண்ணே, டிக்கெட் எடுக்கறீங்களா, இல்ல குடும்பக் கதை பேசறீங்களா? பஸ் கிளம்பிடும்!" என்றார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கத்தினார். "எடுக்கச் சொன்னது நான்தான்! நீ அடிச்சது சரி! நான் ஒட்டின பச்சை பொய்! என் மெஷின்ல அது ஓடவே இல்ல!"

கண்ணைத் திறந்தபோது நான்கு ஜன்னல் வரிசைகளும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு கண்டக்டர்கள், ஒரு டிரைவர். யாரும் 'பச்சை சார்' என்று சொல்லவில்லை.

மூன்றாம் ஜன்னல் காதைக் கண்ணாடியிலிருந்து எடுத்தாள். சிரிக்கவில்லை.

"தள்ளி நில்லுங்க சார். பின்னாடி ஆள் நிக்கறாங்க" என்றாள்.

ஷிப்ட் முடிந்ததும் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னார், நின்றே பேசினாள்.

"எனக்கு அன்னிக்கே ஒரு சந்தேகம், நீங்க சொன்னதைத்தானே அடிச்சோம்னு. ஆனா பச்சை ஒட்டினவர் தப்பா சொல்வாரான்னு என்னையே திட்டிக்கிட்டேன். என் பொண்ணு ஏம்மா முடிக்கலன்னு கேட்டா. அம்மா மண்டையில ஏறலடீன்னு சொன்னேன். தினமும் கேட்டா, தினமும் அதையே சொன்னேன்." தொண்டை கரகரத்து நின்றது. இருமிக்கொண்டு தொடர்ந்தாள். "மன்னிப்பெல்லாம் எனக்கு இப்ப வேண்டாம் சார். மேல எழுதுங்க. என் பொண்ணுக்கு நான் காட்டணும்."

அவர் அன்றே எழுதினார். தன் மெஷினில் மென்பொருள் இறங்கவில்லை, ஒட்டிய நிறம் பொய், மூன்றாம் ஜன்னலில் பணிபுரிபவர் முடிக்க முடியாமல் போனது தான் கொடுத்த தவறான யோசனையால். மூன்று வாக்கியத்துக்கு மேல் எழுத எதுவும் இல்லை. இத்தனை வருஷ சேவை என்று நாலாவதாக ஒன்று தொடங்கி, அடித்துவிட்டார்.

மேனேஜர் அதைப் படித்துவிட்டுப் பதறினார். "என்ன சார் இது? யாருக்குத் தெரியப் போகுது? கொஞ்ச நாள் போனா எல்லாரும் மறந்துடுவாங்க!"

"எல்லாருக்கும் தெரியும் சார். நாலு வரிசையிலயும் கேட்டுது" என்றார்.

சரியாகிவிட்ட மெஷினைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் ஜன்னல் தானாகவே அக்காவின் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அக்கா சாப்பாட்டு இடைவேளையில் பழையதைத் தொடாமல் பக்கத்தில் புதியதை இறக்கி, ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இரண்டு பெயர்களையும் திருத்தித் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். "கலர் பேப்பருக்கா அந்த அண்ணன் இவ்வளவு பயந்தார்?" என்று கேட்டாராம். இதை மூன்றாம் ஜன்னல் அவரிடம் சொல்லவில்லை. வேறு யாரிடமோ சொன்னது சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

பதில் வரும்வரை டெப்போவில் அவரை யாரும் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. வெயில் கொளுத்தியது. டிரைவர்கள் டூட்டியை வெளியே ஒட்டிய தாளிலேயே பார்த்துக்கொண்டார்கள். அறைக்குள் ஏ.சி. ஓடியது; குளிர அவர் ஒருவர்தான் இருந்தார். மைத்துனனுக்கும் விஷயம் எட்டியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தவன் சீண்டவில்லை. போகும்போது, "அத்தான், வேற மெஷின் வேணும்னா கடையில ஒண்ணு இருக்கு, எடுத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னான். அவன் சீண்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கடைசிக் கடிதத்தில் நான்கே வரிகள். முந்தைய உத்தரவு ரத்து. பயிற்சிக்கு மே ஐந்தாம் தேதி மூன்றாம் ஜன்னலில் பணிபுரிபவர் செல்வார். அந்த மூன்று மாதமும் அந்த ஜன்னலில் இவர் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பார். பழைய டூட்டி புரோகிராம், அவள் திரும்பியதும் நிறுத்தப்படும்.

மேனேஜர், "நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துடுங்க" என்று கடிதத்தை அவர் கையில் தந்தார். அவர் வரிசையில் நின்றார். முன்னால் ஏழெட்டுப் பேர். முறை வந்ததும் கண்ணாடிக்குக் கீழே கடிதத்தைத் தள்ளினார். அவள் படித்தாள், இன்னொரு முறை படித்தாள், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு ஓட்டைக்கு அருகே வந்து, இருக்கும் குரலையெல்லாம் கூட்டிச் சொன்னாள்.

"தொண்டைக்கு வெந்நீர் கொண்டு வாங்க சார். டிக்கெட் கிழிக்கிறது நீங்க நினைக்கிற மாதிரி இல்ல."

அவர் தலையாட்டினார். பின்னாடி ஆள் நின்றதால் தள்ளி நின்றார்.

கடிதம் வந்த தேதி: ஏப்ரல் 30, புதன்கிழமை.